தங்கவயலில் என் தந்தையார்

என் தந்தையார் 1926-ஆம் ஆண்டில், வட ஆர்க்காடு மாவட்டத்தில் குடியாத்தத்திற்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் பிறந்தார். 2018-ஆம் ஆண்டில் கோலார் தங்கவயலில் காலமானார். இவ்விரு இடங்களுக்கும் இடையேயுள்ள தொலைவை ரயில்வண்டி ஒரு காலைப் பொழுதில் கடந்துவிடும். தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள் வாழ்ந்த அவர், வடக்கே தில்லியில் நாற்பது ஆண்டுகளாகக் குடியிருக்கும் என் வீட்டிற்கு ஒரு முறையேனும் வந்ததில்லை. ஊர்விட்டு ஊர்வந்து வாழும் நம்மவரின் பெரியோர்களைப் பற்றி எழுதுவோர், பெரும்பாலும் பட்டம் பெற்றவர்களையும் பதவி வகித்தவர்களையும் பற்றியே எழுதுகின்றனர். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒரு தொழிலாளியைப் பற்றியும் நாலு பக்கம் இருந்தால் குற்றமில்லை என்றெண்ணி இதனை எழுதுகிறேன்.

ஆர்க்காட்டு மிஷன் என்று பெயர் பெற்ற அமைப்பை அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த ஸ்கடர் குடும்பத்தார் 1853-இல் நிறுவினர். அவர்கள் நிறுவிய சிற்றூர்ப் பள்ளிகள் பல. அத்தகைய ஓர் ஓலைக் கொட்டகையில்தான் என் தந்தையார் எழுத்தறிந்தார். வாரநாளில் பள்ளியாகவும் ஞாயிற்றுக்கிழமையில் ஆலயமாகவும் இருந்த கொட்டகை அது. உபதேசியாரே ஆசிரியர். பாடப் புத்தகம் வாங்கப் பணமில்லாத பிள்ளைகளுக்கு அவர் வேதாகமத்தைக் கொண்டே எழுத்துக் கூட்டக் கற்பித்தார். அதனால் தந்தையார் வாழ்நாள் முழுவதும் அறிந்த உரைநடை ஒன்றே ஒன்று. 1871-இல் பவர் ஐயரின் குழுவினர் திருத்தி வெளியிட்ட அந்த வேதாகமத்தின் தமிழ்தான் அது. பேசும்போது அவர் வட ஆர்க்காட்டுக்காரர். நாங்களும் அவரை எங்கள் பக்கத்து வழக்கப்படி ‘நைனா’ என்றே அழைத்தோம். ஆனால் கையில் பேனா எடுத்தால் தீர்க்கதரிசிகளின் நடை வந்துவிடும். கேழ்வரகு விலை ஏறியதையும், பேத்தமங்கலம் ஏரியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் மூன்று நாளாக வரவில்லை என்பதையும் அவர் எனக்கு இன்லண்டு கடிதத்தில் எழுதினால், இஸ்ரவேலர் வனாந்தரத்தில் பட்ட பாட்டைப் படிப்பதுபோல் இருக்கும். தில்லியில் என் அறையில் உடனிருந்த நண்பர்கள் அக்கடிதங்களை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்பார்கள். முதலில் சிரித்தவர்கள் பிறகு தாமே கேட்டு வாங்கிப் படிக்கலாயினர்.

பதினேழாம் வயதில், 1943-இல், ஒரு மேஸ்திரியின் பின்னால் அவர் தங்கவயலுக்குப் போனார். ஜான் டெய்லர் கம்பெனியார் 1880-இல் அங்கே கால் வைத்தது முதல், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஆயிரக்கணக்கான தமிழர் அந்த வழியே சென்றிருந்தனர். மைசூர் சமஸ்தானத்திற்குள் ஒரு தமிழ் நகரம் உருவானதும் அவ்வாறே. மூங்கில் தட்டியால் சுவர் வைத்த லைன் வீடுகள். அவற்றிற்குச் சற்றுத் தொலைவில் துரைமார்களின் பங்களாக்கள். எங்கு நோக்கினும் சாம்பல் நிறத்தில் சைனைட் மேடுகள். சிவசமுத்திரத்திலிருந்து 1902-ஆம் ஆண்டிலேயே அங்கே மின்சாரம் வந்துவிட்டது. எங்கள் ஊருக்கு மின்சாரம் வந்த பெருமையை நாங்கள் அந்நாளில் பெங்களூர்ப் பையன்களிடம் சொல்லிக் காட்டுவோம். ஆனால் அது வந்தது சுரங்கத்திற்காக. லைன் வீடுகளில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்குத்தான் எரிந்தது.

முதல் ஏழு ஆண்டுகள் தந்தையார் நிலத்தின் அடியில் கல் அள்ளினார், வண்டி தள்ளினார். கோலார்ச் சுரங்கங்களில் ஆழமானது 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அவ்வளவு ஆழத்திற்கு ஒரே கயிற்றில் இறங்க இயலாது. ஒரு ஷாப்டில் இறங்கி, சுரங்கப் பாதையில் நடந்து, உள்ளே தோண்டியிருக்கும் வேறொரு ஷாப்டில் மறுபடியும் இறங்க வேண்டும். அடியில் பாறையைத் தொட்டால் கை சுடும். அங்கே உழைத்தவர்கள் மேலே வந்ததும் குளிர்காலத்துப் பனிக்காற்றில் நடுங்குவார்கள். தந்தையாரின் நெஞ்சில் கடைசி வரை தங்கிவிட்ட இருமல் அந்த ஏழு ஆண்டுகளின் சம்பாத்தியம். பிறகு வைண்டிங் என்ஜின் வீட்டில் எடுபிடி ஆளாகச் சேர்ந்தார். சுரங்கங்களை மைசூர் அரசாங்கம் 1956-இல் ஏற்றுக்கொண்ட பிறகு, தேர்வு எழுதி என்ஜின் ஓட்டுநரானார். 1984-இல் ஓய்வு பெறும் வரை அதே வேலை.

இந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. ஷாப்டின் வாயிலிருந்து சற்று விலகி ஒரு பெரிய கட்டடம். அதற்குள் ஓராள் உயரத்திற்கும் மேற்பட்ட உருளை. அதில் சுற்றியிருக்கும் எஃகுக் கயிறு கூரை வழியே வெளியேறி, உயர்ந்த கோபுரத்தின் சக்கரத்தில் ஏறி, நேராக ஷாப்டுக்குள் இறங்கும். கயிற்றின் நுனியில் ஆட்களை ஏற்றிச் செல்லும் கேஜ் எனும் கூண்டு. உருளைக்கு முன்னே ஓர் ஆசனம், இரண்டு நெம்புகோல்கள், ஆழத்தைக் காட்டும் ஒரு பெரிய முள், ஒரு மணி. ஓட்டுநர் கூண்டைக் காண்பதில்லை. அதில் இருப்பவர்களையும் காண்பதில்லை. கீழே இருப்பவன் மணியடிப்பான். அடியின் எண்ணிக்கையைக் கொண்டே ஏற்றுவதா, இறக்குவதா, நிறுத்துவதா என்று அறிய வேண்டும். ஏறப்போவது கல்லன்று, மனிதர் என்பதற்குத் தனிக்குறி உண்டு. ஓட்டுநரோடு பேசலாகாது என்று சுவரில் ஒரு பலகை தொங்கும். சிறுவனாக நான் களிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் கட்டடத்தின் சன்னலுக்கு வெளியே நின்றிருக்கிறேன். மனிதருக்குரிய மணி ஒலித்ததும், தந்தையார் நெம்புகோலில் கை வைக்குமுன் அவருடைய உதடுகள் ஒரு கணம் அசையும். அது என்ன வேண்டுதல் என்று பின்னாளில் கேட்டேன். “வேண்டுதல் ஒன்றுமில்லையப்பா. ‘ஆள்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். நாளுக்கு நூறு தரம் செய்கிற வேலை, மறந்துபோகும்” என்றார்.

அவர் பக்தி மிகுந்தவர் என்பதை இவ்விடத்தில் சொல்ல வேண்டும். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, எந்தச் சபையிலிருந்து வந்தவர் எப்படி முழங்கால் படியிடுவது என்று சில மூப்பர்கள் வாதாடினார்களாம். அவர் அதில் கலந்துகொள்ளவில்லை. ஞாயிறு தவறாமல் ஆராதனை. அறுப்பின் பண்டிகைக்குப் பூசணிக்காய். மாதந்தோறும் சம்பளத்தில் பத்தில் ஒன்று காணிக்கை. சினிமா இல்லை, புகையிலை இல்லை, கள் இல்லை. சினிமாத் தடையை நாங்கள் மனப்பூர்வமாக ஏற்றுக்கொண்டோம் என்று சொன்னால் அது பொய். சிவாஜி கணேசன் நடித்த படங்களின் கதையை அடுத்த வீட்டுப் பையன் வசனத்தோடு சொல்ல, வேலிக்கு இப்பால் நின்று நாங்கள் கேட்டதுண்டு. கண்டிப்பில் அவர் சற்று மிகையாகவே இருந்தார் என்பது என் இன்றைய எண்ணமும்கூட.

ஆயினும் அவர் பிடிவாதக்காரர் அல்லர். ஒரு மாதம் மளிகைக் கடைக்குப் பாக்கி நின்றது. சம்பள உறையைப் பிரிக்காமலே தாயாரிடம் கொடுப்பது அவர் வழக்கம். தாயார் முதலில் எடுத்து வைப்பது காணிக்கை. அந்த மாதம் தாயார் உறையைக் கையில் வைத்துக்கொண்டு, “செட்டியாருக்குக் கொடுக்க வேண்டியதை வைத்துக்கொண்டு கர்த்தருக்குக் கொடுத்தால், அவர் அதை வாங்கிக்கொள்வாரா?” என்று கேட்டார்கள். நைனா மறுமொழி கூறவில்லை. மூன்று நாள் யோசித்தார். நான்காம் நாள் தாமே கடைக்குச் சென்று பாக்கியைத் தீர்த்துவிட்டு வந்தார். அன்று முதல் எங்கள் வீட்டில் முதலில் கடைக்கணக்கு, பிறகு காணிக்கை. எங்கள் வீட்டில் வேதம் படித்தவர் தந்தையார். அதற்கு உரை சொன்னவர் தாயார்.

எங்களைப் பெரிதும் சோதித்தது இரவு ஜெபம். வேதாகமத்தில் ஓர் அதிகாரம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளில் ஒன்று. அதன்பின் தந்தையாரின் மன்றாட்டு. அதில் அவர் பெயர்களைச் சொல்லுவார். முதலில் வீட்டார், பிறகு ஊரிலிருந்த உறவினர், பிறகு லைனில் இருந்த குடும்பங்கள், வரிசையாக, வீடு வீடாக. மாரியம்மன் திருவிழாவுக்குக் கரகம் எடுக்கும் எதிர்வீட்டுக்காரர் பெயரும் அதில் உண்டு. அவருக்கு அது தெரியும். வேலைக்கு இறங்கும் முன் அவர் எங்கள் வாசலில் நின்று, “நேற்று என் பேரைச் சொன்னீரா?” என்று கேட்டுச் சிரிப்பார். ஆண்டுக்கு ஆண்டு பட்டியல் நீண்டது. பிறந்தவர்கள் சேர்ந்தார்கள், மணமாகி வந்தவர்கள் சேர்ந்தார்கள். எங்கள் பசுமாட்டின் பெயரும் சில காலம் இருந்தது. நாங்கள் ஐவரும் சுவரில் சாய்ந்து உறங்கிவிடுவோம்.

நான் ஏழு வயதாயிருந்தபோது, ஒரு முற்பகலில், அடுக்கிலிருந்த பாத்திரங்கள் சரிந்து விழுந்தன, தரை நடுங்கிற்று. தங்கவயலில் பிறந்த குழந்தைக்கும் அது என்னவென்று தெரியும். மிகுந்த ஆழத்தில், மேலுள்ள மலையின் பளுவெல்லாம் ஏறி நிற்கும் பாறை, பக்கத்துக் கல்லை வெட்டியெடுத்த பிறகு அந்தப் பளுவைத் தாங்காமல் திடீரென வெடித்துச் சிதறும். பொறியியலார் அதை ராக் பர்ஸ்ட் என்பர். எப்போது நேரும் என்று முன்கூட்டிச் சொல்ல வல்லவர் அன்று எவருமில்லை. சங்கு ஊதிற்று. லைனிலிருந்த பெண்கள் அனைவரும் ஷாப்டை நோக்கி ஓடினார்கள். தாயாரும் சித்தியும் ஓடினார்கள். தந்தையாரின் தம்பி, எங்கள் சித்தப்பா, அன்று முதல் ஷிப்டில் கீழே இருந்தார். அவரை அன்று காலையில் இறக்கியது தந்தையாரின் கை.

வெடித்தது எந்த மட்டம் என்பது சிறிது நேரத்திற்குள் என்ஜின் வீட்டிற்குத் தெரிந்துவிட்டது. அது சித்தப்பா வேலை செய்த மட்டம். தந்தையார் ஆசனத்தை விட்டு எழவில்லை. மீட்புக் குழுவினரை இறக்கினார்; காயமுற்றவர்களை ஏற்றினார். ஒவ்வொரு தரமும் கூண்டு மேலே வந்து நிற்கும், யார் வந்தார் என்று அவருக்குத் தெரியாது, மறுபடி மணி, மறுபடி இறக்க வேண்டும். உடனிருந்த உதவியாளர் பின்னாளில் எங்களிடம் கூறினார்: “ஒரு தரமாவது ஆள் விட்டுக் கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை. காயம்பட்டவர்கள் வரும் கூண்டை மட்டும் தண்ணீர்க் குடத்தை இறக்குவதுபோல் நிறுத்தினார்.” ஷிப்டு முடிந்து மாற்று ஆள் வந்த பிறகே அவர் இறங்கி ஷாப்டின் வாய்க்கு வந்து மற்றவர்களோடு நின்றார். சித்தப்பாவை மறுநாள் இரவில்தான் கொண்டுவந்தார்கள்.

அடக்கம் முடிந்த அன்றிரவும் வீட்டு ஜெபம் நடந்தது. பெயர்கள் வந்தன. தம்பியின் பெயர் வரவேண்டிய இடத்தில் அவர் நின்றுவிட்டார். அன்று நாங்கள் ஒருவரும் உறங்கவில்லை. நெடுநேரம் கழித்து, சித்தியின் பெயரையும், அவர்களுடைய இரு பிள்ளைகளின் பெயரையும் சொன்னார். மறுநாள் அம்மூவரும் தங்கள் பாத்திரங்களோடு எங்கள் இரண்டறை வீட்டிற்கு வந்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் அன்று முதல் பிள்ளைகள் எழுவர்.

அந்நாளில் ஆறுதல் கூற வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். எல்லாம் தேவசித்தம், அவருடைய கரமே இதனைச் செய்தது என்று சித்தியின் முன்னிலையில் விரிவாகப் பேசினார். தந்தையார் பெரியோர் பேச்சில் குறுக்கிடாதவர். அன்று மட்டும், “ஐயா, அந்தப் பாறையை எனக்குத் தெரியும். கர்த்தரையும் கொஞ்சம் தெரியும். இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம். காப்பி ஆறுகிறது, சாப்பிடுங்கள்” என்றார். இறையியல் கற்றோர் இதற்கு என்ன சொல்வார்களோ அறியேன். பின்னாளில் நான் படித்த எந்த நூலிலும் இதைவிடத் தெளிவான விடையைக் கண்டதில்லை.

இதே தங்கவயலில்தான், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில், டாடா ஆராய்ச்சி நிலையத்து அறிவியலாரும் வெளிநாட்டு அறிவியலாரும் கருவிகளை வைத்து, வானத்துக் கதிர்களால் பிறக்கும் நியூட்ரினோ என்னும் நுண்துகளை 1965-இல் கண்டறிந்தனர். பத்திரிகையில் வந்த அச்செய்தியை நான் படித்துக் காட்டியபோது, “கண்ணுக்குத் தெரியாத ஒன்றை இருட்டில் போய்த் தேடியிருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள்” என்று மகிழ்ந்தார். அன்றிரவு ஜெபத்தில் அவர்களும் இடம் பெற்றார்கள். பெயர் தெரியாததால் ‘கீழே போயிருக்கிற படித்தவர்கள்’ என்று.

தம் வீட்டுப் பிள்ளை எவனும் நிலத்தடியில் இறங்கலாகாது என்பது அவர் கொண்ட உறுதி. எங்களில் பெண்கள் இருவர் வேலூரில் செவிலியர் பயிற்சி பெற்றனர். நான் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று 1977-இல் தில்லிக்கு வந்தேன். ஆனால் சித்தப்பாவின் மகனுக்குப் படிப்பு ஏறவில்லை. தொழிலாளியின் வாரிசு என்ற முறையில் அவனுக்கு வேலை கிடைக்கும் நிலை இருந்தது. தந்தையார் மறுத்தார். பதினைந்து ஆண்டுகளாக அவர் எதிரில் உரத்துப் பேசியறியாத சித்தி அன்று கூடத்திற்கு வந்து நின்று, “உங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பு வந்தது, மாமா, போகிற இடத்தில் பிழைத்துக்கொள்வார்கள். என் பிள்ளைக்கு வேறு என்ன இருக்கிறது? அவன் அப்பன் உயிருக்குக் கிடைத்தது இந்த வேலை ஒன்றுதானே?” என்றார்கள். வீட்டில் இரண்டு வாரம் பேச்சு வார்த்தை இல்லை. முடிவில் தந்தையார் இணங்கினார். நிலத்தின் மேலுள்ள பட்டறையில் மட்டும் என்ற நிபந்தனையோடு. அதற்காக அவர் ஏறி இறங்கிய அலுவலகப் படிகள் பல. தமக்கென்று எவரிடமும் ஒன்றும் கேட்டறியாத மனிதர் அவர்.

கடைசித் தங்கை, உடன் வேலை பார்த்த ஓர் இந்து இளைஞரை மணக்க விரும்பியபோதும் வீடு கலங்கிற்று. அதை நீட்டி எழுதப் போவதில்லை. தந்தையார் மனம் வருந்தினார், வருந்தியதை மறைக்கவுமில்லை. திருமணத்திற்குச் சென்றார், பந்தியில் அமர்ந்து உண்டார், வீடு திரும்பிய இரவே மாப்பிள்ளையின் பெயரைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்.

தங்கம் குறைந்தது, செலவு பெருகிற்று. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. பட்டறையிலிருந்த தம்பிக்கு அப்போது வயது நாற்பதுக்கு மேல். பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் மூவர். தங்கவயலில் எத்தனையோ பேர் செய்ததை அவனும் செய்தான். விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்குப் போய், ஓர் இயந்திரப் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு, இரவு வீடு திரும்புவான். எழுபத்தைந்து வயதான தந்தையார், முதல் ஷிப்டுக்கு எழுந்த பழைய பழக்கத்தால், மூன்றரை மணிக்கே எழுந்து அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுப்பார். மனைவியோ தாயோ எழுவதற்கு விடமாட்டார். தம்பி படியிறங்கும்போது அவருடைய உதடுகள் ஒரு கணம் அசைவதைத் தான் பார்த்ததாக அவன் எனக்குச் சொன்னான்.

2003-இல் தாயார் காலமான பின்பு, தில்லிக்கு வந்துவிடும்படி நான் பலமுறை அழைத்தேன். “அங்கே எனக்கு யாரைத் தெரியும்?” என்பார். நாங்கள் இருக்கிறோமே என்றால், “நீங்கள் ஆறு பேர். இங்கே எனக்கு இரண்டு லைன் இருக்கிறது” என்பார். உண்மையில் அதில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. கூரை சரிந்தவையும் உண்டு. அவர் மட்டும் பட்டியலைக் குறைக்கவில்லை. வீட்டைவிட்டுப் போனவர்கள் ஓசூரிலும் சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் எங்கெங்கே இருக்கிறார்கள் என்பதை விசாரித்து வைத்துக்கொண்டு, பழைய வீட்டு வரிசைப்படியே சொல்லிவந்தார்.

அடக்கத்திற்கு நான் போய்ச் சேர்ந்தபோது ஆலயத்திற்கு வெளியேயும் மக்கள் நின்றிருந்தனர். எதிர்வீட்டுக் கரகக்காரரின் மகன் பந்தல் கட்டியிருந்தார். குழி வெட்டியவர்கள் தம்பியோடு பட்டறையில் இருந்தவர்கள். தாயாருக்குப் பக்கத்தில், சித்தப்பாவுக்கு இரண்டு கல்லறை தள்ளி, இடம் இருந்தது. எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது, கண் பார்வை மங்கிய ஒரு முதியவர் பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். முப்பது ஆண்டுகள் கீழே வேலை செய்தவராம். தந்தையாரின் முகத்தைத் தாம் சரியாகப் பார்த்ததே இல்லை என்றார்.

“கூண்டு தரையைத் தொடுகிறபோது தெரியும், தம்பி. மற்றவர்கள் ஓட்டினால் முழங்காலில் ஓர் அதிர்ச்சி இருக்கும். உங்கள் நைனா ஓட்டுகிற அன்றைக்குக் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டுத்தான் வந்து சேர்ந்துவிட்டோம் என்றே அறிவோம்” என்று சொல்லிவிட்டு, பேரனை அழைத்துக்கொண்டு, மாரிக்குப்பம் ரயிலுக்கு நேரமாகிறது என்று புறப்பட்டுப் போனார்.